சூறாவளி என்று சொல்லாதே! - கால்வெஸ்டன் முதல் கோபால்பூர் வரை

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தவுடன் இரண்டு குரல்கள் கேட்க ஆரம்பித்துவிடும். ஒன்று வானிலை ஆய்வு மையத்தின் குரல். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அட்சரேகை, தீர்க்கரேகை, மீனவர்களுக்கு எச்சரிக்கை என்று தூக்கம் வரவழைக்கும் தொனியில் ஓடி முடியும். இன்னொன்று தொலைக்காட்சியின் குரல். சிவப்பு எழுத்து, உடுக்கை அடிப்பது போன்ற இசை, கொட்டும் மழையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடும் செய்தியாளர்.

இதில் எதை நம்புவது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: டி.வி.யை அணைத்துவிட்டு அரசு அறிக்கையைப் படி. நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த நம்பிக்கை ஒன்றும் பிறக்கும்போதே கூடப் பிறந்தது அல்ல. 1900-ல் ஒரு நகரமே அரசு அறிக்கையை நம்பியது. அங்கே "பரபரப்பு கிளப்புகிறவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் சொன்னதுதான் நடந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அரைகுறையாகத்தான் இருக்கும்.

அந்த நகரத்தின் பெயர் கால்வெஸ்டன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஒரு நீண்ட மணல் தீவு. பருத்தி ஏற்றுமதியில் கொழித்த துறைமுகம். மக்கள்தொகை கிட்டத்தட்ட 38,000. ஊரின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 9 அடிக்குக் குறைவு! அதே கரையில் சற்றுத் தெற்கே இண்டியனோலா என்று இன்னொரு துறைமுகம் இருந்தது. 1875-ல் ஒரு புயல் அதைத் துவைத்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். 1886-ல் இன்னொரு புயல் வந்தது. அதோடு ஊரைக் கைவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பக்கத்து வீடு எரிந்தால் நம் கூரையில் தண்ணீர் தெளிக்கத்தானே தோன்றும்? கால்வெஸ்டனிலும் கடல் சுவர் கட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் கட்டவில்லை. 1891-ல் உள்ளூர் நாளிதழில் ஒரு கட்டுரை வெளியானது. பெரிய சூறாவளி இந்த ஊருக்குக் கடும் சேதம் விளைவிக்கும் என்று நினைப்பதே வெறும் பிரமை என்று அது வாதாடியது. எழுதியவர் யாரோ ஒரு பத்திரிகைக்காரர் அல்ல. ஊரின் அரசு வானிலை அலுவலகத் தலைவர் ஐசக் கிளைன். பத்திரிகைகள் பயத்தை மட்டும்தான் விற்கும் என்பது தவறு. நிம்மதியும் நன்றாகவே விலை போகும், அதுவும் அதிகாரியின் கையெழுத்தோடு வந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி கியூபாவுக்குப் போக வேண்டும். வளைகுடாவுக்குள் நுழையும் புயல்களில் பல அந்தத் தீவைத் தொட்டோ உரசியோதான் வரும். எனவே டெக்சஸின் விதி முதலில் தெரிவது ஹவானாவில்தான். அங்கே பெலென் என்ற ஜேசுசபைக் கல்லூரி. அதன் வானாய்வுக் கூடத்துக்கு 1870 முதல் 1893-ல் இறக்கும்வரை தலைவராக இருந்தவர் பெனிட்டோ வீன்யெஸ் என்ற பாதிரியார். செயற்கைக்கோள் கிடையாது, விமானம் கிடையாது. பாரோமீட்டர், தந்தி, வெறும் கண் - இவ்வளவுதான் அவரிடம் இருந்த கருவிகள். மிக உயரத்தில் இறகு மாதிரி தெரியும் மெல்லிய மேகங்கள் புயலின் மையத்திலிருந்து விசிறி போல விரிந்து வருவதை அவர் கவனித்தார். அந்த இழைகள் எந்தத் திசையில் குவிகின்றன என்று பார்த்தால், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் புயல் எங்கே என்று சொல்லிவிடலாம்.

1875 செப்டம்பரில் ஹவானா பத்திரிகைகளில் அவர் ஒரு எச்சரிக்கை வெளியிட்டார். இரண்டு நாள் கழித்துப் புயல் கியூபாவின் தென்கரையைத் தாக்கியது. அதன் பிறகு அவர் சொன்னால் துறைமுகமே கேட்டது. பத்திரிகைகளும் அவர் குறிப்புகளை அச்சிட்டன. அதாவது, பத்திரிகை என்றாலே பரபரப்பு, அலுவலகம் என்றாலே நிதானம் என்ற கணக்கு அப்போதே பொருந்தவில்லை. அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் லொரென்சோ கங்கோய்ட்டே, இவரும் ஜேசுசபைப் பாதிரியார்.

1898-ல் ஸ்பெயினுடன் போர் மூண்டது. அமெரிக்கக் கப்பற்படை கரீபியன் கடலுக்குள் போக வேண்டியிருந்தது. எதிரியின் பீரங்கியை விடப் புயல்தான் பெரிய கவலை என்று உணர்ந்து, தீவுகளெங்கும் வானிலை நிலையங்களை அமைக்கும் பணி தொடங்கியது. போர் முடிந்து கியூபா அமெரிக்க ராணுவ ஆட்சியின் கீழ் வந்தது. ஹவானாவிலும் அமெரிக்க வானிலைத் துறையின் அலுவலகம் முளைத்தது. பொறுப்பாளர் வில்லியம் ஸ்டாக்மன். வாஷிங்டனில் துறையின் தலைவர் வில்லிஸ் மூர். இப்போது ஒரே ஊரில் இரண்டு வானிலைக் கூடங்கள். ஒன்று முப்பது வருடமாகப் புயலைப் பார்த்துப் பழகியது. இன்னொன்று புதிதாக வந்தது, ஆனால் அதிகாரம் அதன் கையில்.

அமெரிக்க அதிகாரிகளின் குற்றச்சாட்டு இதுதான்: கியூபாக்காரர்கள் தொட்டதற்கெல்லாம் புயல் என்கிறார்கள், மக்களைப் பீதியில் ஆழ்த்துகிறார்கள், தங்கள் துறையின் தகவல்களையும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் காரணங்களைக் காட்டி 1900 ஆகஸ்ட் கடைசியில், புயல் பருவத்தின் உச்சத்தில், ஒரு காரியம் செய்தார்கள். கியூபாவின் அரசுத் தந்திக் கம்பிகளில் அமெரிக்க வானிலைத் துறையைத் தவிர வேறு யாரும் வானிலைச் செய்தி அனுப்பக் கூடாது என்று தடை! பெலென் வானாய்வுக் கூடத்தின் வாய் கட்டப்பட்டது. பரபரப்பை ஒழிக்கிறோம் என்று கிளம்பியவர்கள் பாரோமீட்டர் அளவையும் சேர்த்து ஒழித்துவிட்டார்கள்.

தடை வந்து சில நாட்களிலேயே, செப்டம்பர் முதல் வாரத்தில், ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. காற்று அப்போது அவ்வளவு பலமாக இல்லை, மழைதான் கொட்டித் தீர்த்தது. அமெரிக்க அலுவலகத்தின் கணிப்பு: இது வழக்கம்போல வடக்கே திரும்பி, புளோரிடா வழியாக வளைந்து அட்லாண்டிக் கரையோரம் போய்விடும். எச்சரிக்கைகளும் அந்தப் பக்கம்தான் போயின. கங்கோய்ட்டே நினைத்தது வேறு. புயல் வலுக்கிறது, வளைகுடாவுக்குள் நுழைந்து டெக்சஸ் பக்கம் போகிறது என்பது அவருடைய முடிவு. அமெரிக்காவின் தென்கிழக்கில் நிலைகொண்டிருந்த உயர் அழுத்தப் பகுதி புயலை வடக்கே திரும்ப விடவில்லை என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு "புயல் வளையும்" என்பது விதியாகவே படிந்திருந்தது.

நடுக்கடலில் இந்தப் புயலைச் சந்தித்தவர்கள் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பிய "லூசியானா" என்ற நீராவிக் கப்பல் செப்டம்பர் 6-ம் தேதி அதற்குள் மாட்டி, பாரோமீட்டர் சரசரவென இறங்குவதைப் பார்த்தது. ஆனால் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி அப்போது கிடையாது. பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியவர்களுக்குக் கம்பி மறுக்கப்பட்டிருந்தது.

செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை காலை. கால்வெஸ்டனில் புயல் கொடி ஏறியது. (நம்மூர் துறைமுகங்களில் ஏற்றுவார்களே புயல் எச்சரிக்கைக் கூண்டு, அது மாதிரி அங்கே கொடி.) சிவப்புத் துணி, நடுவில் கறுப்புச் சதுரம். ஒரு கொடி என்றால் புயல் எச்சரிக்கை. இரண்டு கொடிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பறந்தால் ஹரிக்கேன், அதாவது பெரும் சூறாவளி. கால்வெஸ்டனில் பறந்தது ஒன்றுதான். இரண்டாவது கொடியை ஏற்ற உள்ளூர் அதிகாரிக்கு உரிமை இல்லை, வாஷிங்டன் சொல்ல வேண்டும். வாஷிங்டன் கடைசிவரை சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே கடல் தெருக்களில் ஏற ஆரம்பித்தது. இதில் ஒரு விசித்திரம் இருந்தது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் தண்ணீர் பின்வாங்க வேண்டும். ஆனால் அது காற்றை எதிர்த்துக்கொண்டு ஏறியது. கிளைன் கடற்கரையில் நின்று பேரலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தார். இப்படி ஒன்றை இதற்கு முன் பார்த்ததில்லை என்று வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். மக்களோ பெரிய அலையை வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்கு வந்தார்கள். குழந்தைகள் தெருத் தண்ணீரில் விளையாடினார்கள். கொடியில் ஒன்றுதானே பறக்கிறது!

பிற்பகலில் தந்திக் கம்பிகள் அறுந்தன. மாலையில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி மணிக்கு 100 மைல் காட்டிவிட்டுப் பிய்த்துக்கொண்டு போனது. கடல் 15 அடிக்கு மேல் எழும்பியது. ஊரின் உச்சியே 9 அடி இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் போதும், முழு ஊரும் கடலடியில். முதல் வரிசை வீடுகள் நொறுங்கி, அந்த மரச் சிதைவுகளைக் கடல் உருட்டிக்கொண்டு வந்து அடுத்த வரிசையை இடித்தது. அந்தக் குவியல் அதற்கடுத்த வரிசையை இடித்தது. கடற்கரை ஓரத்தில் செயிண்ட் மேரி அனாதை இல்லம். கன்னியாஸ்திரிகள் குழந்தைகளைத் துணி காயப்போடும் கயிற்றால் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். 10 கன்னியாஸ்திரிகளும் 90 குழந்தைகளும் இறந்தார்கள். பிழைத்தது மூன்று பையன்கள்.

உறுதியான வீடு என்று நம்பி சுமார் 50 பேர் கிளைன் வீட்டில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அந்த வீடும் விழுந்தது. கிளைனின் கர்ப்பிணி மனைவி இறந்தார். மூன்று மகள்கள் தப்பினார்கள். மொத்தத்தில் இறந்தவர்கள் குறைந்தது 6,000. 8,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண், 12,000 என்பாரும் உண்டு. எண்ணி முடிக்கவே முடியவில்லை என்பதுதான் உண்மை. இன்றுவரை அமெரிக்காவில் அதிக உயிர்களைப் பறித்த இயற்கைச் சீற்றம் இதுதான்.

பிற்காலத்தில் கிளைன், அன்று காலை குதிரை வண்டியில் கடற்கரையெங்கும் போய் ஆயிரக்கணக்கானவர்களை மேட்டுக்குப் போகச் சொன்னதாக எழுதினார். இதை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. எது எப்படியோ, வெள்ளிக்கிழமை தீவை விட்டுப் போக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பிற்பகலில் போக வழியே இல்லை. எச்சரிக்கை என்பது அந்த ஒரு நாள்தான்.

துறை என்ன செய்தது? உரிய நேரத்தில் எச்சரித்தோம் என்று மூர் சாதித்தார். மூர் 1913 வரை பதவியில் நீடித்தார். நீக்கப்பட்டதும் இதற்காக அல்ல, மந்திரி பதவிக்கு ஆசைப்பட்டுத் துறையை அதற்குப் பயன்படுத்திய புகாருக்காக! கியூபாவின் தந்தித் தடை மட்டும் புயலுக்குப் பின் விலக்கிக்கொள்ளப்பட்டது.

சரி, பத்திரிகைகள்? அது ஹர்ஸ்ட், புலிட்சர் இருவரும் மோதிக்கொண்ட "மஞ்சள் பத்திரிகை" காலம். புயலுக்கு முன்னால் அவர்களிடம் சொல்ல எதுவும் இல்லை. சனிக்கிழமை காலை வந்த உள்ளூர் இதழில்கூடப் புயல் பெரிய செய்தி இல்லை. புயல் முடிந்த பிறகுதான் ஆட்டம் ஆரம்பித்தது. பிணங்களின் விரலை மோதிரத்தோடு வெட்டி எடுத்த கொள்ளையர்கள், அவர்களைக் கும்பல் கும்பலாகச் சுட்டுத் தள்ளிய ராணுவம் என்று நாடு முழுவதும் கதைகள் பறந்தன. சட்டத்தை மீறிய சிலர் சுடப்பட்டது உண்மைதான், ஆனால் எண்ணிக்கை இதழுக்கு இதழ் ஏறிக்கொண்டே போனது. பழி பெரும்பாலும் கறுப்பின மக்கள் தலையில் விழுந்தது. ஹர்ஸ்ட் பத்திரிகையின் வினிஃப்ரெட் பிளாக் என்ற பெண் நிருபர் ஆண் வேடமிட்டு ஊருக்குள் நுழைந்து எழுதினார். அதே சமயம் நிவாரண நிதி திரட்டியதும் இதே பத்திரிகைகள்தான். 78 வயதில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் அங்கே வந்து இறங்கியதில் புலிட்சரின் "வேர்ல்ட்" பத்திரிகைக்குப் பங்கு உண்டு. வேண்டிய நேரத்தில் அலுவலகமும் பேசவில்லை, பத்திரிகையும் பேசவில்லை. பேசியிருக்கக்கூடிய மூன்றாவது ஆளைப் பேச விடவில்லை.

அலுவலகங்களுக்கு அப்படி என்ன பயம்? அதற்கும் ஒரு முன்கதை உண்டு. பிரிட்டனில் அரசு வானிலை எச்சரிக்கையைத் தொடங்கியவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வினை ஏற்றிச் சென்ற "பீகிள்" கப்பலின் கேப்டன். 1859-ல் "ராயல் சார்ட்டர்" என்ற கப்பல் புயலில் உடைந்து 400-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதைப் பார்த்து, 1861-ல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பித்தார். அதே வருடம் "தி டைம்ஸ்" அவருடைய முன்னறிவிப்புகளை அச்சிட்டது. பலிக்காதபோது கிண்டலும் செய்தார்கள். விஞ்ஞானிகளும் சேர்ந்துகொண்டார்கள். 1865-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். (காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, கடனும் மனச்சோர்வும் இருந்தன.) 1866-ல் புயல் எச்சரிக்கையே நிறுத்தப்பட்டது. கடலோடிகளும் துறைமுகத்துக்காரர்களும் கேட்டுக் கேட்டு, அடுத்த வருடமே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. விஞ்ஞானிகளுக்கு வேண்டுமானால் அது அரைகுறை அறிவியல். படகு வைத்திருப்பவனுக்கு அரைகுறை எச்சரிக்கையும் பெரிய விஷயம்.

தவறாகக் கத்தினால் சிரிப்பார்கள், கத்தாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இந்தப் பாடத்தைத்தான் அலுவலகங்கள் கற்றுக்கொண்டன போலிருக்கிறது. அமெரிக்காவில் இன்னொரு சொல்லுக்கும் இதே கதி ஏற்பட்டது: டொர்னாடோ, அதாவது தும்பிக்கை போல இறங்கி ஊரைத் துடைத்துப் போடும் சுழல்காற்று. ராணுவத் தந்திப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி 1884-ல் அதை முன்கூட்டிக் கணிக்க முயன்று, 96 சதவீதத்துக்கு மேல் சரி என்று கணக்குக் காட்டினார். பிரமாதம்தானே? கில்பர்ட் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். எல்லா நாளும் எல்லா இடத்துக்கும் "டொர்னாடோ வராது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 98 சதவீதம் சரியாக இருந்திருக்கும்! அரிதாக நடக்கும் ஒன்றைக் கணிப்பதில் "எத்தனை சதவீதம் சரி" என்ற கேள்வியே எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தக் கண்டனத்தைப் படித்துக் கணக்கைத் திருத்தியிருக்கலாம். ஆனால் 1880-களின் பிற்பகுதியில் அந்தச் சொல்லையே அறிவிப்புகளில் பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தார்கள். காற்றைவிடப் பீதிதான் அதிக சேதம் விளைவிக்கும் என்பது வாதம். 1925 மார்ச் 18 அன்று மூன்று மாநிலங்களைக் கிழித்துக்கொண்டு போன ஒரே டொர்னாடோவில் 695 பேர் இறந்தபோது, அன்றைய அறிவிப்பில் அந்தச் சொல் இல்லை. தடை முறைப்படி நீங்கியது 1950-ல். பீதி வரும் என்று பயந்து அரை நூற்றாண்டுக்கு மேல் மௌனம் காத்த அந்தத் துறையின் கதையைப் படித்தால், ஊடகங்களின் கூச்சல் ஏன் எடுபடுகிறது என்பது புரிகிறது. காலியாக விடப்பட்ட இடத்தில் யாராவது வந்து உட்காரத்தான் செய்வார்கள்.

இனி நம் பக்கம், வங்கக்கடலுக்கு வருவோம். இங்கே இந்தப் பிரச்சினை தலைகீழாக நடந்தது.

1864-ல் கல்கத்தாவைச் சூறையாடிய புயலும், பின்னர் வந்த பருவமழைப் பொய்ப்புகளும்தான் 1875-ல் இந்திய வானிலைத் துறை உருவாகக் காரணம். 124 வருடம் கழித்து, 1999 அக்டோபர் 29 அன்று, ஒடிசாவின் பாரதீப் அருகே ஒரு சூப்பர் புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 260 கி.மீ. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். புயல் வருவது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தச் செய்தி மக்களை நகர்த்தும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை. போனாலும் ஒதுங்கப் போதுமான கட்டடங்கள் இல்லை.

2013 அக்டோபரில் அதே கரையை நோக்கி இன்னொன்று வந்தது. பெயர் பைலின். தாய்லாந்து வைத்த பெயர், நீலக்கல் என்று பொருள். இந்திய வானிலைத் துறை சொன்னது: கோபால்பூர் அருகே கரையைக் கடக்கும், வேகம் மணிக்கு 210 முதல் 220 கி.மீ. வரை. "மிகத் தீவிரப் புயல்" என்று வகைப்படுத்தியது. சூப்பர் புயல் என்று சொல்லவில்லை. ஏனென்றால் அதன் எல்லை 222 கி.மீ.யில் ஆரம்பிக்கிறது.

அமெரிக்கக் கடற்படையின் சூறாவளி எச்சரிக்கை மையம் கடலில் அதன் வேகத்தை 260 கி.மீ. அளவுக்கு மதிப்பிட்டது. அவ்வளவுதான், வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் கத்ரீனாவோடு ஒப்பிட ஆரம்பித்தன. இந்தியா ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறது, 1999 மறுபடியும் நடக்கப் போகிறது என்று இணையத்தில் எழுதினார்கள். கால்வெஸ்டன் கதை தெரிந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். மறுபடியும் அலுவலகம் அடக்கி வாசிக்கிறது, வெளியாள் அலறுகிறான்!

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. இந்தியா 3 நிமிடக் காற்றின் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரியை. குறுகிய நேரத்தின் சராசரி எப்போதும் சற்று அதிகமாகத்தான் வரும். அது தவிர, இரு தரப்பும் செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் வேகத்தை மதிப்பிட்டார்கள். அட்லாண்டிக்கில் செய்வது போல விமானத்தை ஓட்டிக்கொண்டு புயலுக்குள் போய் யாரும் அளக்கவில்லை. ஆக, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு அளவுகோலின் வித்தியாசம். கடற்படை மையம் பொய் சொல்லவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பார், மறைக்கிறார்கள்" என்று சொன்னவர்கள்தான் அந்த அடிக்குறிப்பைப் படிக்கவில்லை.

துறையின் தலைமை இயக்குநர் எல்.எஸ். ரத்தோர் தன் எண்ணை மாற்றவில்லை. அதே நேரத்தில் மூர் செய்ததையும் செய்யவில்லை. அமெரிக்க மதிப்பீடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இணையத்தில் கிடந்தது. இந்திய அறிக்கைகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தன. மையம் எங்கே இருக்கிறது, எப்போது எங்கே இருக்கும், கடல் எவ்வளவு உயரும், எந்தெந்த மாவட்டங்கள் என்று எல்லாம் எண்களாக. தவறாகப் போனால் மறுநாள் காலையே யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்த்துவிடக்கூடிய எண்கள். 210 கி.மீ. என்பதே வீட்டைப் பிய்க்கப் போதும் என்பதால், யாரும் அதைச் சாக்காக வைத்து மெத்தனமாக இருக்கவும் இல்லை. ஏறத்தாழ 10 லட்சம் பேர் கரையோரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1999-க்குப் பிறகு கட்டப்பட்ட புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் இருந்தன. அந்த அழிவைக் கண்ணால் பார்த்தவர்கள் கிராமத்துக்குக் கிராமம் இருந்தார்கள். வானிலைத் துறைக்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது.

அக்டோபர் 12 இரவு கோபால்பூர் அருகே பைலின் கரையைக் கடந்தது. வேகம் 200 முதல் 210 கி.மீ. வரை என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஒடிசாவில் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. 1999-ன் 10,000 எங்கே, இது எங்கே!

அந்த எண்ணிக்கையிலும் எல்லோரும் காற்றால் இறந்தவர்கள் அல்ல. கரையைக் கடந்த பின் பைலின் வலுவிழந்து, மழையாகக் கொட்டியது. வடக்கு ஒடிசாவில் ஆறுகள் பெருக்கெடுத்து பாலேஸ்வர், மயூர்பஞ்ச் மாவட்டங்களில் ஊர்கள் மூழ்கின. கத்ரீனாவோடு ஒப்பிட்ட தொலைக்காட்சிகளில் பைலின் அதற்குள் பழைய செய்தியாகிவிட்டது. வானிலைத் துறை பிறகு இந்தப் புயலுக்கென்று தனி அறிக்கை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு முன்னறிவிப்பும் உண்மையான பாதையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் விலகியது, வேகத்தில் எவ்வளவு பிழை என்று அட்டவணை அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள்.